சக்கரத்துக்கு மேலே பார்க்காத வெர்னா

வெர்னா டட்டில் அன்றைக்குத் தன் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, ஒரு வெள்ளைக் காரின் பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்விளிம்பைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி நிறைய வினிகர் கலந்த தண்ணீர். எங்கள் உலர்ந்த ஏரியின் வெள்ளைச் சேறு வெறும் தண்ணீருக்குப் போகாது. காய்ந்துவிட்டால் சுண்ணாம்பு பூசியது மாதிரி பிடித்துக்கொள்ளும். வாடகைக் கார் கம்பெனி ஆள் குனிந்து விரல் விட்டுப் பார்க்கிற இடம் அந்த உள்விளிம்புதான். அதனால் வெர்னா முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

அவள் பிழைப்பே இதுதான். லாஸ் வேகஸில் கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாலைவனம் பார்க்கிறோம் என்று ஜோடி ஜோடியாக வருகிறார்கள். தார்ச்சாலையை விட்டு இறங்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். எங்கள் ஊரான கார்வர் வெல்ஸ் வருவதற்கு முன்னால் ஒரு மண்சாலை பிரிந்து, ஏரியைக் குறுக்கே வெட்டிப் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குப் போகிறது. அங்கே ஒரு குழியும் துருப்பிடித்த சில தகரங்களும் இருக்கின்றன. வேறு ஒன்றும் இல்லை. இருந்தாலும் இறங்குவார்கள். ஏரியின் மேல் ஓடு பார்க்கக் கெட்டியாக இருக்கும். கார் ஏறினால் உடைந்து சக்கரம் ஈரச் சேற்றில் புதையும். எப்படியோ கரையேறி எங்கள் ஊருக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "கம்பெனிக்குத் தெரியாத மாதிரி கழுவித் தருவீங்களா?" என்பார்கள். வெர்னா கழுவித் தருவாள்.

பொய் சொல்கிறவனாவது தன் பொய்க்குத் தானே பாடுபடுகிறான். அதைத் துடைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதைகூட இல்லை. என் டிரெய்லர் வீடு அவள் கொட்டகைக்குப் பின்னால்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"உனக்கு வெக்கமே இல்லையாடி?"

"எதுக்கு? நான் சேறுதான் கழுவுறேன், ஓப்பல். பாவத்தக் கழுவ தெருக்கோடியில பாஸ்டர் இருக்காரு."

"அவருகிட்ட இவ்வளவு கூட்டம் வர்றதில்லையே."

"அவரு கேள்வி கேக்குறாரு. நான் கேக்க மாட்டேன். சக்கரத்துக்கு மேல பாக்கவும் மாட்டேன். உள்ள எவன், எவளோட இருந்தா எனக்கென்ன?"

இதைப் பெருமையாகச் சொல்வாள். ஏதோ பெரிய தொழில் தர்மம் மாதிரி.

ஆனால் இந்தப் பழக்கம் தொழிலில் வந்ததில்லை. கல்யாணத்தில் வந்தது. அவள் புருஷன் ராய்ஸ் ஜிப்சம் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். சனிக்கிழமையானால் முயல் வேட்டை என்று லாரியை எடுத்துக்கொண்டு போவான். ஒரு முயலும் வந்ததில்லை. லாரி மட்டும் சிவப்பு மண்ணோடு வரும். எங்கள் பக்கத்தில் சிவப்பு மண் இருப்பது கெட்டில் பள்ளத்தாக்கில் மட்டும். அங்கே இருப்பது ஒரே வீடு. அந்த வீட்டில் இருந்தது ஒரே பெண். இது ஊருக்கே தெரியும். மண்ணைத் தொட்டுப் பார்த்தே எந்தச் சாலை என்று சொல்கிற வெர்னாவுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்த லாரியைக் கழுவிவிடுவாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். கடைசியில் அவன் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ரீனோ நகரத்துக்குப் போனபோது லாரி பளபளவென்று இருந்தது. கழுவிக் கொடுத்தவள் இவள்தான்.

அதற்குப் பிறகு அவளுடைய அப்பாவின் மூடிப்போன பெட்ரோல் பங்க், ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு கொட்டகை. காலையில் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் வெள்ளைக் குழம்பும், மதியம் டப்பா பீச் பழம், நாள் முழுக்க ஐஸ் போட்ட தேநீர். உள்ளே பார்க்காத வாழ்க்கைக்கு இவ்வளவு போதும் போலிருக்கிறது.

அன்றைக்கு வந்த வெள்ளைக் காருக்கு வருகிறேன்.

ஜூலை மாதம். ஓட்டி வந்தவர் பெயர் கோர்டன், வடக்கே பனி கொட்டும் மினசோட்டாக்காரர், கூரைத் தகடு விற்பவர். முழங்கால் இரண்டும் வெந்த இறால் நிறத்தில் இருந்தன; முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை. வெர்னா காருக்கு அடியில் படுத்திருக்க, அவர் நின்றுகொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண நாளுக்காக வந்தார்களாம். மனைவி மார்லிஸ் கடலோரம் போகலாம் என்றாளாம். இவர்தான் பாலைவனம் என்று முடிவு பண்ணினாராம்.

மார்லிஸ் முன் இருக்கையில் இருந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. கொட்டகையின் நிழலில், இரண்டு பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவள் செத்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"தண்ணி பீச்சப் போறேன். உள்ள இருக்கறவங்கள இறங்கச் சொல்லுங்க" என்றாள் வெர்னா.

"இறங்க மாட்டா. கோபம். சுரங்கத்துல இருந்து என்கூடப் பேசல. விடுங்க, தானா சரியாயிடுவா."

வெர்னா விட்டுவிட்டாள். இதில் அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த மண்சாலைக்குப் போய்த் திரும்புகிற எந்த ஜோடியும் பேசிக்கொண்டு வருவதில்லை. நீ சொன்னாய், நான் அப்போதே வேண்டாம் என்றேன் என்று ஏரிக்குள் சண்டை போட்டு முடித்து, வெளியே வரும்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஏரி மௌனம் என்றே பெயர். உம்மென்று உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்த்தால் நாங்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவோம். உடம்புக்கு ஏதாவதா என்று எவருக்கும் தோன்றாது.

"ஏரியில மாட்டிக்கிட்டீங்களா?"

"கொஞ்ச நேரம். அவ இறங்கித் தள்ளினா."

"அவங்களா தள்ளினாங்க?"

"ஸ்டியரிங்க யாராவது பிடிக்கணும்ல? அப்புறம் ஏசிய போடுன்னு ஒரே ரகள. மலையேத்தத்துல ஏசிய அணைக்கச் சொல்லி போர்டு வச்சிருக்காங்க, பாத்திருப்பீங்க. இன்ஜின் சூடானா கார்ல பதிவாகி கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். நான் ரிஸ்க் எடுக்கல."

போட்ட கையெழுத்தை மீறி ஏரியில் இறங்கிய மனிதர் அந்த ஒரு பலகைக்கு மட்டும் கீழ்ப்படிந்து, மலை இறங்கிய பிறகும் ஏசியைப் போடாமலே ஓட்டி வந்திருக்கிறார்.

வெர்னா ஓட்டுநர் பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தாள். அங்கே சேறு ஜன்னல் வரை தெறித்திருந்தது. குழாயைத் தூக்கித் தண்ணீரைப் பீச்சினாள். அந்தத் தண்ணீர் கண்ணாடியில் ஆலங்கட்டி மாதிரி விழும். உள்ளே எப்பேர்ப்பட்ட கோபக்காரி இருந்தாலும் துள்ளித் தலையைத் திருப்புவாள். இவள் திருப்பவில்லை. சேறு வழிந்து இறங்க, கண்ணாடியோடு ஒட்டி ஒரு முகம். செங்கல் நிறம். கண் திறந்திருந்தது. தண்ணீர் நேராக அந்தக் கண்ணுக்கு எதிரே அறைந்தும் இமைக்கவில்லை.

"கண்ணு, இந்தப் பக்கம் பாரு" என்று வெர்னா கண்ணாடியைத் தட்டினாள்.

"அவ அப்படித்தான். நான் சொன்னேன்ல" என்றார் கோர்டன்.

வெர்னா கதவைத் திறந்தாள். மார்லிஸ் இருக்கையெல்லாம் வாந்தி எடுத்தபடி வெர்னாவின் தோளில் சரிந்தாள்.

"ஓப்பல்!" என்று ஒரு கத்தல். வெர்னா கத்தி நான் கேட்டதே இல்லை. ராய்ஸ் போன அன்றைக்குக்கூட.

நான் முதியோர் இல்லங்களில் ஆட்களைத் துடைத்துப் புரட்டிப் போட்டே காலம் கழித்தவள். போய்த் தொட்டதும் தெரிந்தது. உடம்பு அடுப்பில் கிடந்த சட்டி. ஒரு சொட்டு வேர்வை இல்லை. "வாசல்ல பனி தள்ளணும், அப்பா" என்று முனகிக்கொண்டிருந்தாள். சூடு மூளைக்கு ஏறிவிட்டது.

சிமெண்டில் கிடத்தி, கத்தரிக்கோலால் சட்டையைக் கீறினேன்.

"என்னங்க இது, எல்லார் முன்னாடியும்…" என்று கோர்டன் பதறினார்.

"யாரு முன்னாடி? ரெண்டு கிழவி, ஒரு மடையன். தள்ளி நில்லு."

அவர் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுவந்தார். தட்டிவிட்டேன். "சுயநினைவு இல்லாதவ வாயில தண்ணி ஊத்தினா நுரையீரலுக்குப் போகும். இங்க நின்னு ஏதாவது செஞ்சே ஆகணும்னா ஆம்புலன்சுக்கு போன் போடு."

வெர்னாவுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாய் முனையைத் திருகிக் கழற்றி எறிந்துவிட்டு, தண்ணீரை மெதுவாகத் தலையிலிருந்து கால் வரை விட்டாள். பக்கத்துக் கடை வாசலில் இருந்த ஐஸ் பெட்டியிலிருந்து மூட்டைகளைத் தூக்கி வந்தாள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று நான் வைக்க வைக்க, உருகியதை மாற்றிக் கொடுத்தாள்.

கோர்டன் போனில் பேசுவது காதில் விழுந்தது. "இல்லைங்க, சும்மா ஹைவேல வந்துட்டிருந்தோம்… கார்லதான் இருந்தா… கொஞ்சம் முன்னாடிதான்…"

மனைவி தரையில் கிடக்கிறாள். அந்த மனிதர் அப்போதும் சுரங்கத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுவதற்குள் வெர்னா எழுந்துவிட்டாள். ஈரக் கையால் போனைப் பிடுங்கினாள்.

"இந்த ஆளு சொல்றது பொய். இவங்க ஏரியில மாட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. இந்த வெயில்ல அந்தப் பொம்பள கார் தள்ளியிருக்கா. ஏசி கிடையாது. எனக்கு எப்படித் தெரியுமா? அந்தச் சேத்த இப்பத்தான் சுரண்டினேன். சீக்கிரம் ஆள அனுப்புங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி குழாயை எடுத்தாள்.

"மேடம், நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னுதான கேள்விப்பட்டேன்" என்றார் கோர்டன்.

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றாள் வெர்னா.

ஆம்புலன்ஸ் பெரிய ஊரிலிருந்து வர வேண்டும். வருவதற்குள் நாங்கள் ஐஸ் மூட்டைகளை எல்லாம் தீர்த்துவிட்டோம். சைரன் சத்தம் கேட்கிற நேரத்தில் மார்லிஸின் கண் ஒரு இடத்தில் நின்று பார்த்தது. என்னைப் பார்த்தாள், வெர்னாவைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"கோர்டன், ஏசிய போட்டியா?"

"வாயத் திறந்துட்டா, இனி பயமில்ல" என்றார் அவர், பெரிய நிம்மதியோடு.

"பயம் இருக்கு. சிறுநீரகம் என்ன ஆச்சுன்னு இன்னும் தெரியாது" என்றேன். அந்த நிம்மதி அவருக்கு அவ்வளவு சீக்கிரம் வர வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னதும் உண்மைதான்.

அவர் ஆம்புலன்சில் ஏறும்போது வெர்னாவிடம் சாவியை நீட்டி, "மிச்சத்த முடிச்சு வைங்க. காலையில வந்து எடுத்துக்கறேன்" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். நான் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவளாவது மாறுவதாவது.

இருட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். அங்கே எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். பிழைத்துக்கொள்வாள், இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். வேலிக்கு மேலே எட்டி வெர்னாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை நான் காபியோடு வெளியே வந்தபோது, வெர்னா அந்தக் காரின் முன் கதவைத் திறந்துவைத்து, உள்ளே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருக்கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தாள். தையல் இடுக்கில் பிரஷ்ஷை விட்டாள். தரை விரிப்பை அலசி வெயிலில் போட்டாள். மார்லிஸின் செருப்பு, தொப்பி, மூக்குக்கண்ணாடி மூன்றையும் துடைத்து ஒரு பையில் போட்டு முடிந்து வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு காருக்குள் தலையை விட்டு நான் பார்த்தது அன்றுதான்.

வெளியே கை வைக்கவில்லை. ஓட்டுநர் பக்கம் பளிச்சென்றும் மனைவி பக்கம் வெள்ளைச் சேறுமாகக் கார் அப்படியே நின்றது.

கோர்டன் யாருடைய லாரியிலோ ஏறி வந்து இறங்கினார். சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் முடியலையே."

"முடிஞ்சுது" என்றாள் வெர்னா.

"சேறு அப்படியே இருக்கு! கம்பெனியில எங்க போனீங்கன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க. சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் காபியைக் குடித்தேன். பிறகு வாளியையும் குழாயையும் தானே எடுத்துக்கொண்டு போனார். வெர்னா நிதானமாகக் கிணற்றடிக்கு நடந்து மோட்டாரை அணைத்தாள். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"இந்தப் பை அவங்களுது. அவங்க கையில குடுங்க" என்று சொல்லிச் சாவியோடு சேர்த்து நீட்டினாள்.

சேற்றுப் பக்கம் எங்களுக்குத் தெரிய, அந்தக் கார் சாலையில் ஏறிப் போயிற்று.

அவள் திருந்திவிட்டாள் என்று நான் எழுதினால் அது பொய். சற்று நேரத்தில் இன்னொரு வாடகைக் கார் வந்தது, கழுத்து வரை சேறு, உள்ளே பேசாத ஜோடி. வெர்னா மோட்டாரைப் போட்டாள். ஆனால் குழாயை எடுக்கவில்லை. முதலில் மனைவி பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, "இறங்கு கண்ணு, உள்ள வந்து தேநீர் குடி" என்றாள். அந்தப் பெண் இறங்கி, நேராக நடந்து, நிழலில் உட்கார்ந்து, புருஷனைத் திட்ட ஆரம்பிக்கும் வரை காத்திருந்தாள். அப்புறம்தான் வினிகர் வாளியை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தாள்.