மிதவை மட்டம்

"இன்னும் பெட்ரோல் வழியுதா மாமா?"

"இந்தக் காரும் எம் பொண்ணு மாதிரி, சொன்ன பேச்சு கேட்டாத்தானே!"

"அவகிட்டயே கேளுங்க."

"கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினா!"

என் கணவரின் அப்பாவான மாமா பள்ளி வேன் ஓட்டி ஓய்ந்தவர். அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கார்புரேட்டரில், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் மட்டம் தப்பினால் பெட்ரோல் வழியும். கார்புரேட்டர் மூடியைக் கவிழ்த்து, மிதவைக்கு அடியில் துளையிடும் டிரில் பிட்டை அளவுகோலாக நுழைத்து இடைவெளியை அளப்பார். சின்ன வயதில் அந்தப் பிட்டைப் பிடித்தவள் அவர் மகள். வெளிநாடு போனபின், மிதவையைப் பற்றிக் கேட்க மட்டுமே அழைப்பாள்.

மறுநாள் நான் மிதவையின் தகட்டு நாக்கை லேசாக வளைத்தேன். பிட் கச்சிதமாக நுழைந்தது. ஒரு சொட்டுகூட வழியவில்லை. மாமா பிட்டை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"அவ போன் பண்ணா, இன்னும் வழியுதுன்னே சொல்லும்மா," என்றார்.