ஜெனிதாவின் வகுப்பில் பதக்கம் கிடையாது

அடையாற்றில் ஒரு விளையாட்டுத் திடலில், ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜெனிதா டேக்வாண்டோ வகுப்பு எடுக்கிறாள். இந்த மே மாதம் வரை பதினேழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரின் வெள்ளைச் சீருடையையும் தைத்தவன் அவளுடைய அண்ணன் செபஸ்தியான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், தி. நகரில் ஒரு தையல்கடையில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறவன். கால் இஞ்சு பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பான். உயரத் தூக்கி உதைக்கும்போது பேன்ட் கிழியாமலிருக்க, தொடைச் சேர்மானத்தில் தனியாக ஒரு துண்டு வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தான்.

ஊரூர் குப்பத்தில் மீன் விற்ற தேசம்மாவின் பிள்ளைகள் இவர்கள். ஜெனிதா பத்தொன்பது வயதில் மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கினாள். அதோடு போட்டிகளை விட்டுவிட்டாள். மார்க்கவசத்தில் சென்சார் வந்த பிறகு, பலமாக உதைக்கவே வேண்டாம், பாதம் பட்டால் புள்ளி ஏறிவிடும் என்று பயிற்சியாளர் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. "காலால தடவிக்கினு இருக்கறதுக்கா இம்மா வருசம் கத்துக்கினேன்?" என்று வீட்டில் வந்து கேட்டாள். அவள் வகுப்பில் நிற்கும் விதமும், மூச்சும், பூம்சே என்கிற அசைவு வரிசைகளும்தான் பாடம். வெள்ளை பெல்ட் மாறவே ஒரு வருடம் ஆகும்.

தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செபஸ்தியானுக்கு வாய் ஓயாது. அந்த வாய்தான் அவனைக் கெடுத்தது. மூன்று வருடத்துக்கு முன்பு வகுப்பில் நாலே பேர் இருந்தார்கள். மூடிவிடப் போவதாக ஜெனிதா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் மயிலாப்பூரிலிருந்து வேம்பு மாமி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தாள்.

"எம்பொண்ணு ஒன்பதாவது. இதுல சேர்த்தா பின்னாடி இன்ஜினீயரிங்குக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமோ?"

போட்டிக்குப் போகாதவர்களுக்கு அது கிடைக்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அளவு ஜாக்கெட்டை மேசையில் விரித்து, தோள் பதினாலரை என்று எழுதிக்கொண்டே, "அதெல்லாம் வரும் மாமி" என்றான். மாமி தன் மகள் ஸ்ரீரஞ்சனியோடு, அதே அடுக்குமாடியிலிருந்து இன்னும் நான்கு பேரையும் கொண்டுவந்து சேர்த்தாள். வகுப்பு பிழைத்துக்கொண்டது.

இந்த மே மாதம் மாமி மறுபடி கடைக்கு வந்தாள். "அப்ளிகேஷனோட சர்டிஃபிகேட்டை அப்லோட் பண்ணணுமாம். ஞாயித்துக்கெழம ஜெனிதாட்ட நேர்ல வாங்கிக்கறேன்."

அன்று ராத்திரி சோற்றுத் தட்டோடு ஜெனிதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அந்த ரஞ்சனிப் பொண்ண ஒரே ஒரு போட்டிக்கு அனுப்பேன்" என்றான்.

"இன்னா திடீர்னு? மெடல் மாட்ட ஆணி அடிச்சிட்டியா?" என்று ஜெனிதா சிரித்தாள்.

அவனும் சிரித்துவைத்தான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிறன்று வகுப்பு முடிந்ததும் மாமி கேட்டேவிட்டாள். ஜெனிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா சர்டிஃபிகேட் மாமி? நான் யாரையும் போட்டிக்கே அனுப்பறதில்லியே."

தைத்த சீருடைகளோடு திடலின் ஓரத்தில் நின்ற செபஸ்தியானை மாமி பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் வந்தான்.

"கோட்டா வரும்னு நான்தான் சொன்னேன். வராதுன்னு தெரிஞ்சே சொன்னேன்."

மாமி குரலை உயர்த்தவில்லை. "மூணு வருஷம், செபஸ்தியான். வேற கிளப்புல சேர்த்திருப்பேனே. நீங்க சொன்னேளேன்னு நம்பினேன்."

ஸ்ரீரஞ்சனி ஜெனிதாவிடம் கேட்டாள்: "அப்போ நான் இத்தனை நாள் கத்துண்டதெல்லாம் என்னக்கா?"

"அது உன்னுது. யாரும் புடுங்க முடியாது. ஆனா அது சீட்டு வாங்கித் தராது கண்ணு. அத உனக்கு மொதல்லயே சொல்லிருக்கணும்" என்றாள் ஜெனிதா.

அவர்கள் போனார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் மாமி சேர்த்துவிட்ட மற்ற நான்கு பேரும் நின்றுவிட்டார்கள்.

"மூடிடுவியோன்னு பயந்துதான்…" என்று ஆரம்பித்தான் செபஸ்தியான்.

"மூடிருப்பேன். அஞ்சு பேர் போனது பரவால்ல. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தியா?" பிறகு சொன்னாள்: "நான் இன்னா சொல்லித் தரேன்னு இன்னிக்கு வரிக்கும் உனக்குத் தெரியாது. தெரியாமலே ஊரெல்லாம் வித்துக்கினு இருந்தே. வர்ற ஞாயிறு வந்து வரிசைல நில்லு."

"என் வயசுலயா?"

"நாப்பத்தொண்ணுலாம் ஒரு வயசா?"

புதன்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு மயிலாப்பூருக்குப் போய் ஸ்ரீரஞ்சனியிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் கதவைப் பிடித்தபடியே, "பரவால்ல மாமா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஜெனிதா அண்ணனைப் பார்த்து இடத்தைக் கைகாட்டினாள்: இரண்டாவது வரிசையின் ஓரம். மூன்று வருடமாக ஸ்ரீரஞ்சனி நின்ற இடம் அது. அவன் அங்கே நிற்கவில்லை. அதற்கு ஓரடி பின்னால் போய் நின்றான். ஜெனிதா அதைக் கவனித்தாள். எண்ணத் தொடங்கினாள். கால்களை அகட்டி முழங்காலை மடக்கினான். இருபது எண்ணுவதற்குள் தொடை நடுங்கியது. அவள் நூறு வரை எண்ணினாள்.