சிறுபாலச் சுவரில் எழுதியிருந்த மட்டம்

1. ரெடிமிக்ஸ் வண்டிக்கு முந்தைய நாள்

அரசுப் பொறியாளர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், கட்டுமானத் திட்டங்களுக்கான மழைநீர் வடிகால் வரைபடங்களைத் தயாரித்து, நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று பெற்றுத் தரும் ஆலோசகனாகப் பணியாற்றி வருகிறேன். நான் கையெழுத்திட்ட வரைபடம் ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகைக்கு ஆடி மாதத்தில் சான்று கிடைத்தது. வளாகத்து மழைநீர் முழுவதும் வடிகால் வழியாகப் பக்கத்துப் பாசனக் கால்வாயில் விழ வேண்டும் என்பது நிபந்தனை. வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியாயிற்று. மறுநாள் காலை ரெடிமிக்ஸ் வண்டியில் கான்கிரீட் வரும். அன்று பிற்பகல், வளாகத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் வைத்திருக்கும் தேவகி அம்மாள் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றார்.

"இன்னா சார், காவா மேல கீது, உன் பள்ளம் கீழ கீது. தண்ணி இன்னா ஏணி வெச்சி ஏறுமா?"

"லெவல் எடுத்துத்தாம்மா போட்டிருக்கோம். சான்றும் வந்தாச்சு."

"சான்ற நட்டு வெச்சா தண்ணி நின்னுப்பூடுமா? ஐப்பசி மழையில என் நடவு முழுகிச்சின்னா நீயா வந்து மறுநடவு பண்ணுவ?"

பணியாட்கள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை.

"எங்க ஊட்ட கட்டச்சொல்ல மேஸ்திரி டியூப்புலதான் மட்டம் பார்த்தாரு. அத இங்க வெச்சிப் பாரேன், இன்னா கொறஞ்சிடப்போற?"

2. நான்கு விரற்கடை

ஆட்டோ லெவல் கருவியால் அளந்த இடத்தை மேஸ்திரியின் தண்ணீர் டியூபால் சோதிப்பது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியது. எனினும் மறுத்தால் அஞ்சுகிறேன் என்று பொருள்படும். கால்வாயில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி, சேற்றை வாரி, கெட்டித் தரையைக் கண்டோம். டியூபின் ஒரு முனை அங்கே, மறுமுனை பள்ளத்தில். கால்வாயின் அடியைவிட எங்கள் வடிகாலின் வாய் நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. வரைபடத்தின்படி அது அரை அடிக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருக்க வேண்டும். இந்த நிலையில் மழை பெய்தால் வளாகத்து நீர் கால்வாயில் ஏறாது. தேவகி அம்மாளின் வயலுக்குத்தான் போகும்.

என்னோடு பல்லாண்டுகளாக லெவல் எடுக்கும் ஏழுமலை கருவியைத் தூக்கிக்கொண்டு, தொலைவிலிருந்த ஏரி மதகில் கடல்மட்ட உயரம் பொறித்து நட்டிருந்த மட்டக் கல்லிலிருந்து அளவைக் கொண்டுவந்தார். பிழையின் தடம் சாலையின் சிறுபாலத்தில் வந்து நின்றது. அதன் கைப்பிடிச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருந்த மட்ட எண்ணை வைத்துத்தான் அந்தப் பகுதி வேலைகளை நாங்கள் தொடங்குவது வழக்கம்.

பாலத்தருகே டீக்கடை வைத்திருந்தவர் விளக்கினார். "லாரி மோதி சுவரு பூட்ச்சி சார். கான்ட்ராக்டரு வந்து திரும்பக் கட்னாரு, ரெண்டு வரிசை கம்மியா. பெயிண்டர் பழைய நம்பரையே பார்த்து எழுதிட்டுப் போனான். அழகாத்தான எழுதிக்கிறான்?"

சுவர் இரண்டு செங்கல் வரிசை தாழ்ந்தது, எண் தாழவில்லை. அந்த எண்ணைக்கொண்டு அளந்த எங்கள் மனை, காகிதத்தில் அவ்வளவு உயர்ந்துவிட்டது. கால்வாயின் அடிமட்டத்தையோ, புதரைக் காரணம் காட்டி நாங்கள் நேரில் அளக்கவில்லை. துறையின் பழைய வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். நேரில் அளந்திருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

"நாம எப்பவும் அத்த வெச்சித்தான சார் ஆரம்பிப்போம்..." என்றார் ஏழுமலை. குற்றம் அவருடையதன்று. வரைபடத்தில் இருந்தது என் கையெழுத்து.

3. ஒரு சொல்

திட்ட மேலாளர் நிதானமாகப் பேசினார். "சார், சான்று லெட்டர் கையில இருக்கு. இனிமே யாரு வந்து அளக்கப் போறாங்க? மழை வந்தா பம்ப் போட்டுக்கலாம்."

"பம்ப் அடிக்கிற தண்ணி எங்க போகும்?"

கான்கிரீட்டை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தாவிட்டால் அன்று மாலையே துறைக்கு எழுதுவேன் என்றேன். நிறுத்தினார். ஆனாலும் நான் எழுதினேன்.

சான்று வழங்கிய அதிகாரி ஒரு காலத்தில் எனக்குக் கீழ் பணியாற்றியவர். நான் எதிரில் அமர்ந்திருக்க, பிழை என்னுடையது என்றிருந்த கடிதத்தைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "சார், 'கள நிலவர மாற்றத்தால்'னு போட்டுடலாமே. வரைபடத்த மாத்திக்கலாம், உங்க பேரும் கெடாது."

அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். நாற்பதாண்டுகள் காத்த பெயர் அப்படியே நின்றிருக்கும். ஆனால் களத்தில் எதுவும் மாறவில்லை. கால்வாய் தன் இடத்தில்தான் இருந்தது. அதே சுவரை நம்பி வேறு எவரேனும் நாளை வரைபடம் போடக்கூடும். அவர் அந்தக் கோப்பைப் புரட்டினால் உண்மைக் காரணம் அதில் இருக்க வேண்டும். "ஆலோசகரின் அளவைப் பிழையால்" என்று நான் எழுதியிருந்ததை அப்படியே விடச் சொன்னேன்.

வடிகாலைச் சாலையோரமாக நீட்டி, கால்வாய் இயல்பாகத் தாழும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். திருத்திய சான்று புரட்டாசியில் வந்தது. அந்த நிறுவனம் அதன்பின் என்னை அழைக்கவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. குடையோடு போய் நின்றேன். வடிகாலின் வாயிலிருந்து நீர் கால்வாய்க்குள் தடையின்றி விழுந்துகொண்டிருந்தது. வரப்பின் மேல் தேவகி அம்மாள். அவருக்குப் பின்னால் நடவு தலை நிமிர்ந்து நின்றது.

"இன்னா சார், ஏணிய எடுத்துக்கினு பூட்டியா?" என்று கத்தினார். இம்முறை நானும் சிரித்தேன்.

இத்தொழிலுக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கு: சுவரில் எழுதியிருப்பது மட்டமன்று, வெறும் எழுத்து. வேறொரு மட்டக் கல்லிலிருந்து சரிபார்த்த பின்னரே அது மட்டமாகும். நீர் எங்கே விழ வேண்டுமோ, அந்த இடத்தைப் புதரை வெட்டியாவது நேரில் அளந்துவிடுங்கள். பிழையை ஒப்புக்கொண்ட அந்தக் கடிதம் துறையின் கோப்பில் என் பெயரோடு இருக்கிறது. என் வேலையின் தரத்தை அறிய விரும்புகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும்.