ஒரு முகூர்த்தம், இரண்டு ஊர்

மேளத் தொழிலில் அபஸ்வரத்தைக்கூட மன்னித்துவிடுவார்கள், ஆளே வராமல் போனால் மன்னிக்க மாட்டார்கள். ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். மணி பத்து இருபது. கும்பகோணத்தில் மண்டபம் நிறைய ஜனம். எங்கள் மேளம் மயிலாடுதுறையில் வேனோடு மாட்டிக்கொண்டிருக்கிறது. மேடைக்குக் கீழே நான் மட்டும் நிற்கிறேன்.

நாகஸ்வரம் வாசிப்பவர் என் அக்கா வீட்டுக்காரர். பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றுவிட்ட எனக்கு வேலை, மாமாவுக்கு வரும் போனை எடுத்து, எந்த நாள் எந்த ஊர் என்று எழுதி வைப்பது. அவ்வளவுதான். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பந்தல், சமையல், வீடியோ என்று முகூர்த்த நாளை நம்பிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குப் புரியும், சிரிக்காமல் படியுங்கள்.

தாலி கட்டும்போது வந்த விளம்பரம்

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி. பெண்ணின் சித்தப்பா மகன் செல்போனில் கெட்டிமேளம் தேடி எடுத்து மைக் பக்கத்தில் பிடித்தான். முதலில் பெயின்ட் விளம்பரம் வந்தது. சுவர் ஜொலிக்கும் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. பெண் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை.

பெண்ணின் அப்பா, தை மாதமே வந்து வெற்றிலை பாக்கு வைத்து மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "தம்பி, பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

வியாழக்கிழமை என்று யாரும் சொல்லவில்லை

இது முதல் தப்பு இல்லை. வேலைக்கு வந்த புதிதில் ஓர் அம்மா போனில் "வெள்ளிக்கிழமை முகூர்த்தம்" என்றார். வெள்ளிக்கிழமை என்று எழுதினேன். முகூர்த்தம் என்றால் முந்தின நாள் சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்புக்கே மேளம் வேண்டும். அதை யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள், நமக்கே தெரிய வேண்டும். நானோ வியாழன் சாயந்திரத்தைப் பாபநாசத்தில் ஒரு காதுகுத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்தரைக்குப் போன் வந்தது. "மாப்பிள்ளை காரை விட்டு எறங்கி நிக்கிறாரு. மேளத்தைக் காணோம். நாங்களே கையத் தட்டிக் கூட்டிட்டு வந்துரவா?"

பூட்டிய கோயில்

திருவையாறு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து "வைகாசி பதினாலு, அம்மனுக்குக் காப்புக் கட்டுறோம்" என்றார்கள். வைகாசி என்றால் மே மாதம்தானே என்று மே பதினாலு என எழுதினேன். எங்கள் ஆட்கள் இரண்டு வாரம் முன்னாடியே போய் இறங்கினார்கள். கோயில் பூட்டிக் கிடந்தது. வாசலில் ஆடு படுத்திருந்தது. சைக்கிளில் வந்த பூசாரி தவிலைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். "ஏங்க, அம்மனே இன்னும் எந்திரிக்கல. உங்களுக்கு என்ன அவசரம்?"

அன்றைக்கே தவில் கலியமூர்த்தி அண்ணன் ஒரு தினசரி காலண்டர் வாங்கி வந்து ஆணியில் மாட்டினார். "தமிழ்த் தேதியும் இதுல இருக்கு, பாத்து எழுது. முந்தின சாயந்திரத்தையும் எழுது. ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு ஊருதான்டா, ரெண்டைச் சொருகாத."

காலண்டரில் இருந்தது

இப்போது உண்மையைச் சொல்கிறேன். கும்பகோணம் கல்யாணத்தை நான் மறக்கவில்லை. அழைப்புக்குச் செண்டை மேளம் வைத்திருந்தார்கள், எங்களுக்குக் காலை மட்டும். நேரத்தை என்னிடம்தான் சொன்னார்கள். ஒன்பதிலிருந்து பத்தரை என்று காலண்டரில் என் கையெழுத்தே இருந்தது. திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போன் வந்தபோது அதைப் பார்த்துக்கொண்டேதான் "சரிங்க, வந்துர்றோம்" என்றேன். அங்கே ஆறு மணிக்கு ஆரம்பம், ஏழரைக்கு முடிந்துவிடும், அங்கிருந்து கும்பகோணத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேர ஓட்டம். முடியாது என்றால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. மாமா கேட்டபோது, கும்பகோணத்தில் பத்தரைக்கு மேல்தான் என்று பொய் சொன்னேன்.

திருக்கடையூரில், சிங்கப்பூரிலிருந்து வர வேண்டிய மகன் எட்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தான். அவன் வந்த பிறகுதான் கலசத் தண்ணீரையே ஊற்றினார்கள். பாதியில் எழுந்து வர முடியுமா? பத்து மணிக்கு மாமா வேனிலிருந்து கூப்பிட்டார். குரலில் பதற்றமே இல்லை. "மாப்ள, ரயில்வே கேட் போட்டுட்டான். பரவால்ல, பத்தரைக்கு மேலதான? நாயனத்துல சீவாளி எல்லாம் மாட்டி ரெடியா இருக்கேன்."

இறங்காத ஸ்டாப்

வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டு வராமல் போனவர் என்று ஊர் மாமாவைத்தான் பேசுகிறது. ஆவணிக்குச் சொல்லியிருந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாமா என்னைத் திட்டவில்லை. "நீயே அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போ மாப்ள. நேரத்தை மாத்திச் சொன்னது நான்தான், மாமாவுக்குத் தெரியாதுன்னு உன் வாயால சொல்லு. அது போதும்" என்றார்.

மறுநாளே தாம்பூலப் பையோடு பஸ் ஏறினேன். அவர்கள் ஊர் ஸ்டாப்பில் கல்யாண பேனரை இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்து வயலில் நடவு. வரப்பில் நின்று நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தவர் பெண்ணின் அப்பாதான். பஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். நான் சீட்டில் குனிந்துகொண்டேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "டிக்கெட் இந்த ஸ்டாப்புக்குத்தானப்பா. எறங்குறியா, இல்ல மேல போட்டுக் குடுக்கவா?"

ஒரே காலையில் இரண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று நேரம் பார்த்துச் சொன்ன எனக்கு, அந்த ஒரு வீட்டுக்குப் போக இன்றுவரை நாள் கிடைக்கவில்லை.