வாவியை மூன்று ஏக்கர் பெரிதாக்கியவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு மார்கழியில், மட்டக்களப்பு வாவியை மூன்று ஏக்கர் பெரிதாக்கிய பெருமை எனக்கு உண்டு. ஒரு தோணி, நிலம் அளக்கும் தியோடலைட் கருவி ஒன்று, ஓர் அளவுச் சங்கிலி, இருபத்திரண்டு வயதுச் சோம்பேறி ஒருவன். அதற்கு இவ்வளவு போதுமாக இருந்தது.

வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் தண்ணீரை ஒட்டி ஓர் அணைப்பாதை போட உத்தரவு வந்திருந்தது. முதலில் வாவியின் எல்லையை அளந்து பிளான் கீற வேண்டும். எல்லைக்குள் கிடப்பது அரசாங்கத்துக்கு, வெளியே கிடப்பது சொந்தக்காரருக்கு. நிலம் காய்ந்து கிடந்த ஆவணியிலேயே என்னைப் போகச் சொன்னார்கள். வெயிலுக்குப் பயந்து, காய்ச்சல், கருவி பழுது என்று கையிலிருந்த காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் செலவழித்தேன். அவை தீர்ந்தபோது மார்கழி வந்துவிட்டது.

முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடந்தது. கடலுக்குப் போக வழியில்லாத மழைத்தண்ணீர் வாவிக்குள்ளேயே ஏறி நின்றது. தோணியில் போனால் மேலேயும் வானம், கீழேயும் வானம். அந்தக் காலத்துக் கருவி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். கண்ணாடிக்குள் தென்னைகள் மேலிருந்து தொங்கும். ஒரு கொக்கு முகிலில் கால் ஊன்றி நடக்கும். அளவுகோலைப் பிடித்தபடி என் சங்கிலிக்காரர் தலைகீழாக மிதப்பார். எண்ணைக் குறிக்க மறந்து நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சங்கிலிக்காரர் காத்தான்குடியார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல் நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னை சேர் என்பார். அதில் மரியாதை கொஞ்சமாகத்தான் கலந்திருக்கும்.

"சேர், நிண்டு நிண்டு எனக்கு வேர் உட்டுட்டு. பாத்து முடிஞ்சா?"

"கொஞ்சம் பொறுங்க காக்கா."

"தண்ணி நிக்கிற இடத்தில முளை அடிக்கச் சொல்றீங்க. நாளைக்கும் இஞ்சதான் நிப்பன் எண்டு தண்ணி உங்களுக்கிட்டச் சொன்னதா?"

நான் வாவிக்கரையில் பிறந்தவன். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் தண்ணீர் இறங்கும் என்பது எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கையில் கருவி இருந்ததால் மறந்துவிட்டது. தண்ணீரின் ஓரத்தில் முளைகளை அடித்து, வளைந்து வளைந்து போகும் ஒரு நீலக்கோட்டைக் கீறி, பெரிய சர்வேயருக்கு அனுப்பினேன். வேலையில் நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கோட்டின் அழகு என்னை நிரந்தரமாக்கிவிடும் என்று நம்பினேன்.

தையில் சனம் மண்வெட்டிகளோடு போய் முகத்துவாரத்தை வெட்டியது. சில நாளில் வாவி வற்றிப் பின்வாங்கியது. ஒரு காலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தோணியில் வந்து என் விடுதி வாசலில் நின்றார். கையில் ஒரு முளை.

"இது உங்கடதா மனே?"

"அரசாங்க முளை. அதைப் புடுங்கிறது குற்றம்."

"அரசாங்கம் என்ட வட்டையைப் புடுங்கினா அது என்ன?"

என் முளைகள் அவருடைய மூன்று ஏக்கர் வயலின் மேட்டு ஓரத்தில் வரிசையாக நின்றன. மாரியில் தண்ணீருக்குள் தூங்கி, தையில் எழும்பி விதைப்பை வாங்கும் பள்ள வயல் அது.

"முளைக்கு அங்கால எல்லாம் ஆறு எண்டு விதானையார் சொல்றார்" என்றார். விதானையார் என்றால் ஊர்த் தலைமைக்காரர். வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். "சித்திரையில மகளுக்குக் கலியாணம். சீதனமா எழுத எனக்கிட்ட வேற துண்டில்ல. மாப்பிள்ளைப் பகுதி பிளானைக் காட்டு எண்டு நிக்கிறாங்க. நான் என்னத்தை எழுதிக் குடுக்க, மீனையா?"

காக்காவையும் கூட்டிக்கொண்டு அவரோடு போய்ப் பார்த்தேன். போன முறை நான் தோணியில் மிதந்த இடத்தில் இப்போது நடந்தேன். வரம்புகள் ஈரத்தோடு மினுங்கின. சேற்றில் பழைய நெல்தாள்கள் அழுகிக் கிடந்தன. தண்ணீர் எங்கோ தூரத்தில், தனக்கு இதில் சம்பந்தமே இல்லாததுபோல் வெயிலில் கிடந்தது.

"முளையை மட்டும் சத்தமில்லாம நகத்தினா என்ன காக்கா?"

"நகத்தலாம் சேர். கந்தோர்ல பெரிய சர்வேயர்ட மேசைக்குப் போன பிளானை எப்பிடி நகத்துற?"

பிழையை ஒப்புக்கொண்டால் வேலை போகலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் கலியாணம் நிற்கும். வேலை போனால் என் தகப்பனிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி பட்டணத்துக்கு பஸ் ஏறினேன்.

பெரிய சர்வேயர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நீர் எந்த ஊர்?"

"களுவாஞ்சிக்குடி, ஐயா."

"அங்க வாவி இல்லையா?"

"இருக்கு, ஐயா."

"மாரியில ஒரு இடத்தில நிக்குது, கோடையில இன்னொரு இடத்தில. இனி எதை எல்லையாப் போடப்போறீர்?"

"கலப்பை போன கடைசி வரம்பை, ஐயா. அதுக்கு அங்கால தண்ணிக்குள்ள நிக்கிற கண்ணா மரங்கள். அணையும் அந்த வரம்புக்கு வாவிப் பக்கத்தால போகட்டும். மதகு வைக்காட்டி மாரித்தண்ணி வயலுக்குள்ளேயே நிண்டிரும்."

அவர் என் நீலக்கோட்டின்மேல் குறுக்காகச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். என்னுடையதைவிட அது நேராக இருந்தது.

"பிழையை நீரா வந்து சொன்னதால வேலை இருக்கும். நிரந்தரம் ஒரு வருஷம் பிந்தும். பங்குனிக்குள்ள திரும்ப அளந்து கொண்டு வாரும்."

வரம்பு வரம்பாக, முதுகு வேக வேக அளந்தோம். காக்கா மட்டும் குடை பிடித்துக்கொண்டார். சங்கிலி சூடானால் நீளும், அதற்கு நிழல் வேண்டும் என்று எனக்கே பாடம் சொன்னார். நிழல் என்னவோ அவர்மேல்தான் விழுந்தது.

பங்குனி முடியுமுன் ஒப்பம் வைத்த பிளானை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார்.

"இந்த நீலம்?"

"ஆறு."

"இந்தப் பச்சை?"

"உங்கட வட்டை."

பச்சையின்மேல் விரலை வைத்து மெதுவாக ஓரம்வரை கொண்டுபோனார். அங்கே விரல் கொஞ்சநேரம் நின்றது.

"மாரியில இதுவும் நீலமாத்தானே கிடக்கும் மனே?"

"ஓம். ஆனா அது உங்கட நீலம்."

அவர் சிரிக்கவில்லை. பிளானைச் சுருட்டி, மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கலியாணத்துக்கு வாங்க மனே. மழை பெஞ்சா மட்டும் அளக்க வந்திராதங்க."