இவரின்ரை காது மிசின்

சோமசேகரம் என்று பெயர் சொன்னால் எங்கள் ஏழாலையில் கனபேருக்கு உடனே பிடிபடாது. கிணறு வெடிக்கிற சோமு என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். எங்கள் நிலம் மேலே கொஞ்சம் செம்மண், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டுகிறதென்றால் கல்லைத் துளைத்து, வெடிமருந்து இடித்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி ஓடிவர வேண்டும். இளந்தாரியாக இருந்த காலம் தொட்டு இவருக்கு அந்த வேலைதான். இந்தப் பக்கத்தில் சனம் தண்ணீர் அள்ளுகிற கிணறுகளில் பாதி இவர் இறங்கின கிணறுகள்.

அந்தக் கிணறுகள்தான் இவருடைய காதை எடுத்தன. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் குயில் கேட்கவில்லை என்றார். பிறகு கோயில் மணி கேட்கவில்லை என்றார். பிறகு நான்.

நான் இவருடைய மனிசி, செல்வநாயகி. காது கேளாத மனிசனோடு சீவிக்கிறது எப்படி என்று கேட்டால் தொண்டையைத்தான் காட்டுவேன். சோறு போட்டாச்சு என்று சொல்லக் கத்த வேண்டும். சேட்டில் பொத்தான் மாறிப் போட்டிருக்கு என்று சொல்லக் கத்த வேண்டும். மெதுவாகச் சொல்ல வேண்டிய சங்கதிகளையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், அயலட்டைக்கும் சேர்த்து. பொம்மர் வந்தால் மட்டும் கத்தத் தேவையில்லை. குண்டு எங்கே விழுந்தாலும் உள்ளங்காலால் அறிந்துகொண்டு எனக்கு முந்தியே எழும்பிவிடுவார். கல்லுக்குள் வாழ்ந்த மனிசன்.

கொழும்பில் இருக்கிற என் அண்ணை, சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த நாளில் ஒரு காது மிசின் கொண்டுவந்து கொடுத்தார். நெருப்புப் பெட்டியிலும் கொஞ்சம் பெரிய பெட்டி. அதை நூலில் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டு, அதிலிருந்து வருகிற வயரைக் காதில் செருக வேண்டும். உள்ளே பேனை ரோச்சுக்குப் போடுகிற சின்னப் பற்றறி ஒன்று. அது வந்த பிறகு எங்கள் வீட்டில் சில வருசம் மனிசர் கதைக்கிற மாதிரிக் கதைத்தோம்.

பிறகு திரும்பச் சண்டை தொடங்கி, கொழும்பிலிருந்து வருகிற பொருள்களுக்குத் தடை வந்தது. பற்றறியும் தடை. மிசின் ஒருநாள் நின்றது. பற்றறி முடிஞ்சு போச்சு என்று நாங்கள் நினைத்தோம். வேறு என்ன நினைக்கிறது? ஊரிலே எது நின்றாலும் அதுதானே காரணம். பற்றறியை வெயிலில் காயவைத்தோம். அடுப்புக் கரையில் சூடு காட்டினோம். ஆரோ சொல்லக்கேட்டு அடியில் துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். ஒன்றுக்கும் அது அசையவில்லை. ஆனாலும் இவர் வெளிக்கிட்டால் வயரைக் காதில் செருகிக்கொண்டுதான் போவார்.

“செத்த மிசினை ஏன் கொழுவிக்கொண்டு திரியுறியள்?” என்று ஒருநாள் கத்தினேன்.

“கழட்டினால் செவிடன் எண்டு சனத்துக்குத் தெரிஞ்சிடும்” என்றார்.

தெரியாத சனம் ஒன்றும் இல்லை. இவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆர் என்ன கேட்டாலும் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு “ஓம், ஓம்” என்று தலையாட்டுவார். திருப்பிக் கேட்கக் கூச்சம். எதிரில் நிற்கிறவன் மனம் நோகக்கூடாது என்கிற எண்ணம். அம்மன் கோயிலில் ஒரு நாள் திருவிழாச் செலவை எடுக்கிறீரோ என்று கேட்டிருக்கிறார்கள். ஓம் என்றிருக்கிறார். நாங்கள் கஞ்சி குடித்துத் திருவிழாச் செய்தோம். அது அம்மாளின் காரியம், குறை சொல்ல மாட்டேன். வன்னிக்குப் போகிற ஒருவர், வரும்வரைக்கும் ஆட்டைப் பார்த்துக்கொள்வீரோ என்று கேட்டாராம். அதுக்கும் ஓம். விடிய எழும்பிப் பார்த்தால் வேலியில் ஒரு தாயும் குட்டிகளும் கட்டியிருக்கு.

“ஆரின்ரை ஆடு உது?”

“தெரியேல்லை. ஆனால் நல்ல ஆடு.”

இப்படியே சிரித்துக் கழித்திருக்கலாம். மூத்தவள் பத்மாசினிக்குச் சம்மந்தம் வந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மாப்பிள்ளைப் பெடியன் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. நல்ல பெடியன், கண் நிமிர்ந்து பார்க்காது. தகப்பன் பரமலிங்கம். பலாலிப் பக்கம் பெரிய கல்வீட்டில் இருந்த குடும்பம். ஆமி வந்து பிடித்த பிறகு அந்த வீட்டை விட்டுவிட்டு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில், சீலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த மனிசருக்கு இப்போது தேவை ஒரு கூரை. வந்து கதைக்கும்போது எங்கள் வீட்டைச் சீதனமாகக் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கு இருப்பது ஒரே வீடு. தோட்டக்காணியும் கிணற்றுப் பங்கும் மூத்தவளுக்கு, வீடு இளையவளுக்கு என்று நாங்கள் முந்தியே நினைத்து வைத்தது. அவளுக்கு ஒரு கால் கொஞ்சம் வளம் இல்லை. அந்த வீடும் இல்லாமல் போனால் அவளை ஆர் கேட்டு வருவான்?

பரமலிங்கம் வீட்டைக் கேட்பார். இவர் சிரித்துக்கொண்டு ஓம் என்பார். சபையில் சொன்ன சொல்லைப் பிறகு மனிசி போய்த் திருப்ப ஏலுமோ?

“நீங்கள் பேசாமல் இருங்கோ, நான் கதைக்கிறன்” என்று கத்திப் பார்த்தேன்.

“என்ரை பிள்ளையின்ரை விசயம். நான்தான் கதைப்பன்” என்றார். அதிலே ஒரு அசைவும் இல்லை.

அப்படியென்றால் மிசின் உயிர் பெற வேண்டும். நான் பக்கத்து வீட்டு அருமைநாயகி அக்காவிடம் போனேன். அவவின் வீட்டுச் சுவரில் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் அப்போது ஓடின ஒன்றிரண்டு மணிக்கூடுகளில் அதுவும் ஒன்று. அதுக்குள் இருப்பதும் அதே சின்னப் பற்றறிதான்.

“என்ரை மகன் வெளிநாடு போக முந்தி வாங்கிக் கொழுவினது. அது நிண்டால் எனக்கு நெஞ்சு நிண்டமாதிரி இருக்குமடி” என்றா.

“அக்கா, சம்மந்தம் கதைச்சு முடிஞ்ச கையோடை கொண்டுவந்து போட்டுவிடுறன்.”

கொஞ்ச நேரம் மணிக்கூட்டையே பார்த்தா. பிறகு தானே கதிரையில் ஏறிக் கழற்றித் தந்தா. “உன்ரை மனிசன் ஓம் எண்டு சொல்லி உன்னையும் ஆருக்கும் குடுத்திடப்போறார். கொண்டு போ” என்றா.

ஓடிவந்து பெட்டிக்குள் போட்டேன். கந்தசுவாமியாரைக் கும்பிட்டுக்கொண்டு சுவிச்சைத் தட்டினேன். இவர் வயரைச் செருகிக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

“கேக்குதோ?”

“ஓம், ஓம்” என்றார் சிரித்துக்கொண்டு.

எனக்கு அந்த ஓம் தெரியாதோ? நிலத்திலேயே குந்திவிட்டேன். இவ்வளவு மாதமும் பற்றறி பற்றறி என்று அழுதோம். ஓடுகிற பற்றறியும் வந்து சேர்ந்தது. மிசின் ஓடவில்லை.

மற்ற நாள் காலமை இரண்டு பேரும் ஒரு சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போனோம். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் கனிசியஸ் என்று ஒருவர் றேடியோ திருத்துகிறார். குருநகர் ஆள், செல் குண்டடிக்குள் இடம்பெயர்ந்து வந்தவர். கழுத்தில் ஒரு சிலுவை, முன்னால் ஒரு மேசை, மேசை நிறையச் செத்த றேடியோக்கள். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்கிற சனம் கொண்டுவந்து குவித்தவை.

“என்னம்மா, பற்றறி இல்லையோ?” என்று தலை நிமிராமல் கேட்டார்.

“பற்றறி இருக்கு தம்பி. மிசின்தான் ஓடுதில்லை.”

அப்போதுதான் நிமிர்ந்தார். “இந்தத் தடை வந்த பிறகு இப்பிடிச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். ஒருதரும் பெட்டியைத் திறந்து பாக்கிறேல்லை. எல்லாரும் பற்றறி எண்டு அழுதுபோட்டு மூலையிலை வைச்சிடுகினம்.”

வயரை ஆட்டிப் பார்த்தார். சத்தம் கூட்டுகிற சக்கரத்தை முன்னும் பின்னும் சுற்றினார். பற்றறியை வேறொரு றேடியோவில் போட்டார், றேடியோ கரகரத்தது. பற்றறியில் பிழை இல்லை என்றார். பிறகு சின்னத் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அம்மா, உங்கடை ஐயான்ரை மிசினுக்குள்ளை ஒரு கோயிலே இருக்கு.”

எட்டிப் பார்த்தேன். பற்றறி முட்டுகிற கம்பிச்சுருளிலும் தகட்டிலும் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின மாதிரி இறுகிப்போய் இருந்தது. திருநீறு. நடுவே சந்தனமும் காய்ந்து கிடந்தது. இவர் கோயிலுக்கு மேற்சட்டை இல்லாமல்தான் போவார். திருநீற்றை நீரில் குழைத்து நெஞ்சிலும் தோளிலும் அள்ளிப் பூசுவார். வேர்வையோடு அது வழிந்து, நெஞ்சில் தொங்கின பெட்டிக்குள் போயிருக்கு.

அம்மாளின் திருநீறு இவர் காதை அடைச்சதோ என்று எனக்கு ஒரு கணம் மனம் திடுக்கிட்டுவிட்டது. கனிசியஸ் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சுரண்டின சாம்பலைக் கீழே தட்டவில்லை. ஒரு கடதாசித் துண்டில் சேர்த்து மடித்து என் கையில் தந்தார்.

“இது காலிலை மிதிபடக்கூடாது. கொண்டுபோய் எங்கையும் மரத்தடியிலை போடுங்கோ” என்றார்.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கிற றப்பரால் அந்தக் கம்பியையும் தகட்டையும் மினுங்குமட்டும் தேய்த்தார். பற்றறியைப் போட்டு, காதில் வைக்கிற குமிழைக் கைக்குள் பொத்தினார். மிசின் கீச்சென்று கத்தியது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவரையோ அம்மாளையோ தெரியாது.

இவர் செருகினார். சந்தை இரைச்சல் முழுக்க ஒரேயடியாகக் காதில் விழுந்திருக்கும், முகம் சுருங்கிப்போய்ச் சுவரைப் பிடித்தார்.

“இப்ப கேக்குதோ?” என்றேன்.

“ஏனப்பா கத்துறாய்?” என்றார்.

எனக்கு மெல்லக் கதைக்க வரவில்லை. கனகாலம் கத்தின தொண்டை. கனிசியஸ் நாங்கள் கொண்டுபோன வெங்காயத்தை வாங்கிக்கொண்டு, “ஐயா, இனிமேல் கோயிலுக்குள்ளை மிசினைக் கழட்டி வைச்சிட்டுப் போங்கோ. சாமி உரத்துத்தான் கதைப்பார்” என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பரமலிங்கமும் அவருடைய மச்சானும் வந்தார்கள். விறாந்தையில் கதிரை போட்டோம். இவர் வெள்ளைச் சேட்டும் வேட்டியும் உடுத்து, பெட்டியைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். காதில் வயர் தெரிந்தது. ஆனால் அது செத்த வயர் என்று ஊருக்கே தெரியுமே. நான் பனங்கட்டியும் தேத்தண்ணியும் தட்டில் வைத்துக்கொண்டு கதவுச்சீலைக்குப் பின்னால் நின்றேன். பத்மாவும் என் தோளோடு நின்றாள்.

மழை, வெங்காய விலை, வன்னிக்குப் போகிற கிளாலிப் படகு எல்லாம் கதைத்து முடிந்தது. அப்போது பரமலிங்கம் மச்சான் பக்கம் சாய்ந்து, சாதாரணமாகச் சொன்னார்.

“மனிசி வெளியிலை வரமுந்தி வீட்டைக் கேட்டு முடிச்சிடுவம். செவிடன்தானே, ஓம் எண்டுவான்.”

பத்மாவின் விரல் என் கையை இறுக்கியது. இவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

பரமலிங்கம் திரும்பி, உரத்துக் கேட்டார். “அப்ப, இந்த வீட்டைப் பிள்ளையின்ரை பேருக்கு எழுதுவியள்தானே?”

இவர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“இல்லை” என்றார். “வீடு இளையவளுக்கு. தோட்டமும் கிணத்துப் பங்கும் பத்மாவுக்கு. அதுக்கு மேலை என்னட்டை இல்லை. சம்மதமெண்டால் நாள் பாருங்கோ.”

இவர் வாயிலிருந்து இல்லை என்கிற சொல்லை அந்த ஊரில் ஆரும் கேட்டிருக்க மாட்டார்கள். பரமலிங்கத்தின் முகம் சிவந்தது. இவர் கோபிக்கவில்லை. “உங்கடை நிலமை எனக்கு விளங்குது. வீட்டை விட்டிட்டு வந்து பள்ளிக்கூடத்திலை கிடக்கிறது லேசோ?” என்று மெல்லச் சொன்னார்.

நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். பரமலிங்கம் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். எழும்பும்போது, “யோசிச்சுச் சொல்லுறம்” என்றார். இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேண்டாம் என்றுதான் பொருள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு வீடு அமைதியாகக் கிடந்தது. இவர் தலையைத் திருப்பினார்.

“ஆர் அழுகிறது?”

ஒருவரும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். மிசின் ஓடுகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவர் எழும்பிக் குசினிக்குப் போனார். பத்மா அடுப்படியில் குந்தியிருந்தாள்.

“பிள்ளை, உனக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சிருந்ததோ?”

“அதுக்கில்லை அப்பா. உங்களை அந்தாள் அப்பிடிச் சொன்னதை நீங்கள் கேட்டிட்டியளே.”

“உண்மையைத்தானே சொன்னவர்” என்றார். அவளுடைய தலையில் கை வைத்தார். அவள் பிடித்திருந்ததா இல்லையா என்பதைக் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. இவரும் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு விறாந்தையில் வந்து என் பக்கத்தில் இருந்தார். உள்ளே இளையவள் ஒரு காலை இழுத்து நடந்து கோப்பைகளை எடுத்து அடுக்குகிற சத்தம் கேட்டது. இவருக்கும் கேட்டிருக்கும்.

“நான் சொன்னது பிழையோ?” என்றார்.

“பிழையில்லை.”

“பின்னை ஏன் இப்பிடிக் களைச்சுப்போய் இருக்கிறாய்?”

என்ன சொல்ல? கேளாத நாளென்றால் பத்மாவின் சம்மந்தம் போச்சே என்று வாய்க்குள் சொல்லி ஆறியிருப்பேன், இப்போது இவருக்குக் கேட்கும். மிஞ்சின பனங்கட்டித் துண்டை எடுத்து இவர் கையில் வைத்தேன். அதைப் பாதியாக உடைத்து ஒன்றை எனக்குத் தந்தார். பொழுதுபடுமட்டும் அப்படியே இருந்தோம்.