அக்காவின் ஆறு மெத்தைகளும் அத்தானின் மண்வெட்டியும்

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்கா அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்று இதில் எழுதியிருக்காது. அச்சகத்தார் மாதிரிக்குத் தந்த கட்டுரையில் அப்படித்தான் இருந்தது. அதை அப்படியே போட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அக்கா நாலாம் மாடியில் நின்று மரக்கறிக்காரனைக் கூப்பிட்டால், தெஹிவளைக்குப் போய்க்கொண்டிருந்தவனும் வண்டிலைத் திருப்பிக்கொண்டு வருவான்.

அக்கா பிறந்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், சந்தைக்குக் கிட்ட. பின்னாளில் பல்கலைக்கழகமும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. விடிய வெங்காயம் பேரம் பேசும் சத்தம், பின்னேரம் மாணவர்களின் சைக்கிள் மணியும் சிரிப்பும். அந்த வீட்டைத்தான் அக்காவுக்குச் சீதனமாக எழுதினார்கள். அத்தானுக்குத் தகப்பன் வழி வந்த முதுசம் வடமராட்சியில், பனங்காணிகளுக்கு நடுவில் ஒரு வீடு. அடுத்த வீட்டுக்காரரைக் காண வேண்டுமென்றால் அவர் செத்தால்தான் காணலாம் என்று அக்கா சொல்லுவார். இருவருக்கும் கொழும்பில் உத்தியோகம். அக்கா ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, அத்தான் தொலைபேசி நிலையத்தில். கல்யாணம் காட்சி இல்லாத தம்பியாகிய நான் அவர்களோடு ஒட்டிக்கொண்டவன். அதனால் இந்த வழக்கின் ஒரே சாட்சியும் நான்தான்.

வழக்கு இதுதான்: பென்சன் எடுத்த பிறகு எங்கே போய் இருப்பது?

"வேலைக் காலம் முழுக்க ஊராற்ற கதையெல்லாம் இந்தக் காதால கேட்டுக் களைச்சுப் போனன். கடைசிக் காலத்திலயாவது ஒரு சத்தமும் இல்லாமல் இருக்க விடு" என்பார் அத்தான். இதைச் சொல்லும்போதே இரண்டு காதிலும் பஞ்சு இருக்கும். வெள்ளவத்தையில் ரயில் போகும்போதெல்லாம் அதை இன்னும் உள்ளே தள்ளுவார்.

"உங்கட ஊரில நான் ஆரோட கதைக்கிறது? பனையோடயோ?" என்பார் அக்கா. "திருநெல்வேலிக்குப் போனால் நாலு கம்பஸ் பிள்ளையளை வீட்டில வைச்சிருக்கலாம். ஆன்ட்டி பசிக்குது எண்டு ஆராவது கேட்டு வருவினம்."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை நான் இங்கே எழுதுவதை அக்கா விரும்பமாட்டார், ஆனால் எழுதாவிட்டால் மிச்சம் எதுவும் விளங்காது. அந்த வீட்டில் பிள்ளைகளின் சத்தம் கேட்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், இரண்டு இடத்துக்கும் போக வழியில்லை. சண்டையால் வடக்குக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. ஒரு சிரட்டை மண்ணெண்ணெய்க்கு அங்கே சனம் வரிசையில் நிற்கிறது என்று கேள்விப்பட்டுக்கொண்டு, இங்கே இவர்கள் இருவரும் தேத்தண்ணியோடு இருந்து, போக முடியாத இரண்டு இடங்களில் எது நல்லது என்று சண்டை பிடித்தார்கள். வாயால் பிடித்தது போதாதென்று சாமானும் வாங்கத் தொடங்கினார்கள். அத்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் புது மண்வெட்டி ஒன்று வாங்கி, பஸ்ஸில் எல்லாரும் விலகி நிற்க, தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா சும்மா இருப்பாரா? ஆறு மெத்தை, ஆறு தலையணை, ஆறு சாப்பாட்டுக் கோப்பை. வராத மாணவர்களுக்கு! முன் அறையில் கால் வைக்க இடமில்லை. நான் மெத்தைகளுக்கு மேலே ஏறித்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

இப்படியிருக்க ஒருநாள் விடியற்காலை ஆமிக்காரர் எங்கள் மாடிகளைச் சுற்றிவளைத்தார்கள். கதவைத் திறந்தால் ஒரு சார்ஜன்ட்டும் இரண்டு பொடியன்களும் துவக்கோடு நிற்கிறார்கள். வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்ற பொலிஸ் பதிவில் மூன்று பேர், வீட்டில் ஆறு மெத்தை. மூலையில் மண்வெட்டி. நாலாம் மாடியில்! பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளையை இதைவிடக் குறைந்த காரணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"இந்த ஆறு பேரும் எங்கே?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

அக்காவின் சிங்களம் முழுக்க மரக்கறிக் கடையில் படித்தது. ஆனாலும் தலையை நிமிர்த்திச் சொன்னார்: "லமய் தவம ஆவே நெஹ, மாத்தயா." பிள்ளைகள் இன்னும் வரவில்லையாம்.

"எப்போது வருவார்கள்?"

"சண்டை முடிஞ்ச பிறகு."

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு மண்வெட்டியைக் காட்டி, இது எதைப் புதைப்பதற்கு என்று அத்தானைக் கேட்டார். பஞ்சுக் காதோடு நின்ற அத்தானுக்கு மண்வெட்டி என்பது மட்டும் விளங்கியது. "தோட்டம், என்ர ஊரில" என்றார். "அந்தக் காட்டுக்கு ஆர் வாறது?" என்று அக்கா தொடங்க, "உன்ர சந்தைக்கு ஆர் வாறது?" என்று அத்தான் கத்த, துவக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இருவரும் ஒரே மூச்சாகப் பிடுங்குப்பட்டார்கள். நான் அரைகுறைச் சிங்களத்தில் வழக்கை மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் மெத்தையில் குந்தி, தொப்பியைக் கழற்றி, முழுவதையும் கேட்டார். கடைசியில் எழும்பி, அக்காவைக் காட்டி, "நோனா சொல்வதுதான் சரி. கிராமத்தில் ஆஸ்பத்திரி இருக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, யாராவது வந்து தங்கினால் உடனே பொலிசில் பதியும்படி எச்சரித்துப் போனார்.

அன்றிலிருந்து அத்தானின் வாயில் ஒரே புலம்பல்தான். "உனக்கென்ன, ஆமியே உன்ர பக்கம்."

இந்தக் கதை கீழே பலசரக்குக் கடைக்குப் போய், அங்கிருந்து வெள்ளவத்தை முழுக்கப் பரவியது. நாலாம் மாடியில் ஒரு ஆன்ட்டியிடம் ஆறு மெத்தை சும்மா கிடக்கிறதாம்! யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து படிப்புக்கும் பாஸ்போட்டுக்கும் அலைந்த பெடியள் ஒவ்வொருவராக வந்து மணியடித்தார்கள். அக்கா எல்லாரையும் தாராக்குஞ்சுகள் போலப் பின்னால் விட்டு, தானே பொலிசுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்தார். பெடியளில் ஒருவனை வழியில் பிடித்து வைத்திருந்தபோது, விடும்வரை தினமும் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் போய் நின்றார். அவன் வெளியே வந்த அன்று அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தலைமயிர் வெட்டவில்லை என்று ரோட்டிலேயே ஏசினார். அத்தான் பஞ்சை இரட்டிப்பாக்கினார்.

பிறகு பாதை திறந்தது. மூவரும் பஸ் ஏறினோம். முதலில் அத்தானின் ஊர். அங்கே கோயிற் கொடியேற்றம்! ஒலிபெருக்கியை அத்தானின் பனையிலேயே கட்டியிருந்தார்கள், முதுசக்காரர் என்ற மரியாதைக்காம். விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் நடுச்சாமம் வரை நாதஸ்வரமும் அறிவித்தலும். அத்தான் தலையணையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு கிடந்தார். அக்காவின் முகம் பூரித்துப்போய் இருந்தது.

சரி, திருநெல்வேலிக்குப் போனோம். கம்பஸில் ஏதோ போராட்டமென்று பூட்டு. பெடியள் எல்லாரும் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஒழுங்கையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அக்கா தன் சீதன வீட்டு வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எவ்வளவு அமைதி" என்றார் அத்தான், பஞ்சைக் கழற்றி. "இங்க இருக்கலாம் போல கிடக்குது."

"உங்கட ஊரும் அவ்வளவு மோசமில்லை" என்றார் அக்கா.

ஆகா, வழக்கு முடிந்தது என்று நான் நினைத்தேன். எங்கே! வெள்ளவத்தைக்கு வந்து இறங்கின மறுநாளே இருவரும் தங்கள் தங்கள் கட்சிக்குத் திரும்பிவிட்டார்கள். முடிவு எடுக்க முதல் பாதையும் திரும்ப மூடியது. காலம் கெட்டது. பெடியளின் தாய் தகப்பன்மார் பயந்து, ஒவ்வொருவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மெத்தைகளைச் சுருட்டி வைத்த அன்று அக்கா சாப்பிடவில்லை.

அதன்பின் இருதயம் பழுதென்றார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அக்கா அத்தானின் கையைப் பிடித்து, "சரியப்பா, உங்கட ஊருக்கே போவம்" என்றார்.

அத்தான் வெளியே வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதார். "ஒத்துக்கொண்டிட்டாள், தம்பி. அவள் ஒத்துக்கொண்டிட்டாள். இனி அவள் எனக்கு இல்லை" என்றார். அவர் சொன்னது போலவே நடந்தது.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், செத்தவீட்டுக்குப் பந்தல் போட்ட பலசரக்குக் கடைக்காரருக்கும், கடல் கடந்த ஊர்களிலிருந்து தொலைபேசியில் விக்கி விக்கி அழுத பெடியளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கப் போனபோது அத்தான் என்னை மறித்து, கடைசியில் ஓர் அறிவித்தல் சேர்க்கச் சொன்னார். செத்தவீட்டு மலரில் விளம்பரம் போடுவதா என்று கேட்டேன். காதில் பஞ்சு இல்லை, நான் கேட்டது அவருக்கு வடிவாகக் கேட்டது. ஆனாலும் போடு என்றார். அவர் சொன்னபடியே கீழே தருகிறேன்.

வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், படிக்கும் பிள்ளைகள் தங்குவதற்கு ஆறு மெத்தைகள் உண்டு. பொலிஸ் பதிவுக்கு நானே கூட்டிப்போவேன். சத்தம் போடுகிறவர்களுக்கு முதலிடம்.